புதுக் கார்டின் எண்

மணி இரண்டே கால். சர்வர் ஓடிக்கொண்டிருந்தது, படங்கள் மட்டும் இல்லை.

மருத்துவமனையின் பழைய ஸ்கேன் படங்கள் எல்லாம் பக்கத்து ரேக்கில் இருந்த ஸ்டோரேஜ் பெட்டிக்குள் கிடந்தன. சர்வரை அதோடு இணைக்கும் கார்டு முந்தின நாள் இடியில் போய்விட்டது. காலையில் திருச்சியிலிருந்து சர்வர் கம்பெனி ஆள் லியோ வந்து புதுக் கார்டைச் செருகி, கேபிளை மாட்டிவிட்டு அடுத்த வேலைக்குக் கிளம்பிவிட்டான். பெட்டிக்குப் புதுக் கார்டைத் தெரியாது. அதன் எண்ணைப் பதிந்தால்தான் உள்ளே விடும். பதிய வேண்டியவர் சென்னையில் இருந்தபடி பெட்டியைக் கவனிக்கும் ரகுநாத். எண்ணைச் சொல்ல வேண்டியவள் மருத்துவமனையின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் ரம்யா.

சர்வர் அறை வாசலில் இருளாயி உட்கார்ந்திருந்தாள். அவள் புருஷன் பிச்சை இரண்டு வாரத்துக்கு முன் திருவரங்குளம் ரோட்டில் வண்டியிலிருந்து விழுந்தவர். அப்போது எடுத்த ஸ்கேனில் மூளையோரம் கொஞ்சம் ரத்தக்கசிவு. மாத்திரையில் சரியாகும் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இன்று காலை பேச்சு குழறித் திரும்ப வந்திருக்கிறார். புது ஸ்கேன் எடுத்தாயிற்று. பழையதோடு வைத்துப் பார்க்க வேண்டும் என்றார் டாக்டர் சேரன். கசிவு அப்படியே இருந்தால் இங்கேயே வைத்துக்கொள்ளலாம். கூடியிருந்தால் தஞ்சாவூருக்கு அனுப்பித் தலையைத் திறக்க வேண்டும். இந்த உடம்பை ஆம்புலன்ஸில் ஏற்றுவதே ஆபத்து. தெரியாமல் ஏற்ற டாக்டருக்கு மனமில்லை.

பழைய படம் இருளாயியிடம் இல்லை. ஃபிலிம் போட்டுக் கொடுப்பதை இங்கே நிறுத்தி ஒரு வருடம் ஆகிறது. கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கும், எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று கவுன்டரில் சொல்வார்கள். ரம்யாவும் சொல்லியிருக்கிறாள்.

சர்வரில் ஓடும் லினக்ஸில் கார்டின் எண் ஒரு சின்னக் கோப்பில் இருக்கும். திறந்தாள். எண்ணும் எழுத்தும் கலந்து பதினாறு. போனில் ஒவ்வொன்றாகச் சொன்னாள். ரகுநாத் திருப்பிச் சொன்னார்.

அது என்ன என்று இருளாயி கேட்டாள். இந்தக் கார்டு யாரென்று பெட்டிக்குத் தெரிய வேண்டும், அதற்கான நம்பர் என்றாள் ரம்யா.

“மிசினுக்குமா ஆதாரு கேக்குறாங்க,” என்றாள் இருளாயி. சிரிக்கவில்லை.

பதிந்துவிட்டேன் என்றார் ரகுநாத். ரம்யா மூன்று சிறு கோடுகளைக் கட்டளையாக எழுதினாள். அதைக் கொடுத்தால், பெட்டியிலிருந்து புதிதாக டிஸ்க் ஏதும் வந்திருக்கிறதா என்று சர்வர் தேடும். தேடியது. எதுவும் வரவில்லை. எண்ணை மறுபடி படித்தார்கள். ஓர் எழுத்தும் பிசகவில்லை. தனக்கு வேறு அழைப்பு இருக்கிறது, சாயங்காலம் பார்க்கலாமா என்றார் ரகுநாத்.

“சார், பேஷன்ட் வீட்டம்மா வாசல்ல உக்காந்திருக்காங்க. லைன வச்சிடாதீங்க.”

அவர் வைக்கவில்லை.

ரம்யா ரேக்குக்குப் பின்னால் போய்க் குனிந்து பார்த்தாள். கார்டில் இரண்டு போர்ட். பழைய கார்டில் கேபிள் மேலே இருந்தது. லியோ கீழே மாட்டியிருந்தான். போர்ட்டுக்குப் போர்ட் எண் வேறு. திரும்பி வந்து இரண்டின் நிலையையும் சர்வரிடம் கேட்டாள். முதலாவது: இணைப்பு இல்லை. இரண்டாவது: ஆன்லைன். அவள் சொன்னது முதலாவதன் எண். இரண்டாவதும் அதே பதினாறுதான். கடைசியில் மட்டும் நாலுக்குப் பதில் ஐந்து.

ஐந்தைச் சொன்னாள். மறுபடி மூன்று கோடு. பெட்டியின் டிஸ்க்குகள் திரையில் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன.

டாக்டரைக் கூப்பிட்டாள். மேல் வார்டிலிருந்து இறங்கி வருவதாகச் சொன்னார். படம் சரியாகத் திறக்கிறதா என்று பார்க்க, பிச்சையின் பழைய படத்தையும் ஸ்கேன் அறையிலிருந்து வந்த இன்றைய படத்தையும் திரையில் அருகருகே வைத்தாள். ஒரே மண்டை. பழையதில் ஓரமாக நகக்கீற்று அளவுக்கு ஒரு வெள்ளை. புதியதில் அது விரல் அகலம். ஸ்கேன் பார்த்துச் சொல்லத் தெரியாத ரம்யாவுக்கே தெரிந்தது.

இருளாயி செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்து நின்றிருந்தாள். ரம்யா திரையை மறைக்கவில்லை. மறைத்தால் அதுவே பதிலாகிவிடும்.

“ரெண்டும் ஒண்ணுபோலத்தான ஆத்தா இருக்கு?”