இரண்டு விரல்

வாசலில் கிடந்த செருப்புகளைப் பார்த்ததுமே அவள் படியிலேயே நின்றுவிட்டாள். முன்பின் தெரியாத ஆண்களின் ஷூக்கள். கதவிடுக்கு வழியாகத் தடித்த கறுப்பு ஒயர் ஒன்று கூடத்துக்குள் போயிருந்தது. இன்று வீட்டுக்கு ஒருத்தரும் வரமாட்டார்கள் என்று அப்பா அடித்துச் சொன்னதால்தான், குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு ரத்தப் பரிசோதனை நிலையத்துக்கு வேலைக்குப் போயிருந்தாள்.

அவர் பேச்சை நம்பியது அவள் தப்பு. ஊரே தலையில் வைத்துக் கொண்டாடும் டைரக்டர் அவர். எடுத்தது ஏழெட்டுப் படம்தான். வாங்கிய கேடயங்களைத் துடைக்கவே தனியாக ஓர் ஆள் வேண்டும். குழந்தைகளின் மனதை இவரைப்போலப் படித்தவர் யாருமில்லை என்று எழுதாத பத்திரிகை இல்லை. சொந்த மகள் எந்த வகுப்பில் படிக்கிறாள் என்று அந்தக் காலத்தில் யாராவது கேட்டால் மட்டும், பக்கத்தில் நிற்கும் உதவி இயக்குநரைத் திரும்பிப் பார்ப்பார்.

அந்தப் பெயரை அவருக்கு வாங்கிக் கொடுத்ததே அவள் முகம்தான். முதல் படத்தின் கடைசிக் காட்சியில் அம்மாவை இழந்த சிறுமி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுவாள். ஆறு வயதில் அதில் நடித்தவள் இவள். அழச் சொன்னால் இவளுக்குச் சிரிப்பு வந்தது. ஃபிலிம் வீணாகிறது என்று ஆளாளுக்கு முணுமுணுக்க, அப்பா அவளைத் தனியே கூப்பிட்டு மடியில் உட்காரவைத்துக்கொண்டார். உன் தொல்லை தாங்காமல் அம்மா போய்விட்டாள், இனிமேல் வரமாட்டாள் என்று காதோடு காதாகச் சொன்னார். அதற்கென்றே அம்மாவைச் சித்தி வீட்டுக்கு அனுப்பி வைத்திருந்தார் மகானுபாவர். பிறகு ஜன்னலருகே கொண்டுபோய் நிறுத்தினார். கேமரா ஓடுவது அவளுக்குத் தெரியாது. ஸ்டார்ட் என்று வாய்விட்டுச் சொன்னால் நடிக்கிறவர்கள் உஷாராகிவிடுகிறார்கள் என்று அவர் ஒரு சைகை வைத்திருந்தார். வலது கையின் இரண்டு விரல்களால் தொடையில் மெல்லத் தட்டுவார், கேமராமேன் ஓடவிட்டுவிடுவார். வளர்ந்த பிறகு ஒரு பேட்டியில்தான் இதை அவள் படித்தாள். பெருமையாகச் சொல்லியிருந்தார். அம்மா திரும்பி வந்த பிறகும், பல வருஷம் அவள் அம்மாவின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டுதான் தூங்கினாள். அம்மா குளிக்கப் போனால் கதவுக்கு வெளியே உட்கார்ந்து பேசிக்கொண்டே இருப்பாள், பதில் குரல் நின்றுவிடக் கூடாதென்று. பேட்டியில் இதெல்லாம் இல்லை.

இப்போது கடைசியாக ஒரு படம் எடுத்துவிட்டுத்தான் கண்ணை மூடுவேன் என்று கிளம்பியிருந்தார். அதிலும் ஒரு குழந்தை. பேத்தியைக் கேட்டார். முடியவே முடியாது என்று இவள் முகத்திலடித்தாற்போல் சொல்லிவிட்டாள். சரிம்மா, விடு என்று அவர் அத்தனை சாதுவாகச் சொன்னபோதே சுதாரித்திருக்க வேண்டும்.

கூடத்து ஜன்னலுக்கு எதிரே விளக்குகள் எரிந்தன. ஸ்டூலில் அவள் குழந்தை உட்கார்ந்திருந்தது. அழுது ஓய்ந்து, தேம்பல் மட்டும் மிச்சமிருந்தது. எதிரே நாற்காலியில் அப்பா. அவர் தோளருகே கேமராவும் அதன் பின்னால் ஒருவனும். அவளைக் கண்டதும் குழந்தை இறங்கி ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"இனிமே தொல்லை பண்ணமாட்டேம்மா. போயிடாதம்மா."

வார்த்தையைக்கூட மாற்றவில்லை மனுஷன். அவளுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

"அதே பொய்யாப்பா? புதுசா ஒண்ணு யோசிக்கக்கூட உங்களுக்கு வக்கில்லையா?"

"அஞ்சு நிமிஷ அழுகைம்மா. நாளைக்கே மறந்துடும். நீ மறக்கலையா?"

"நான் மறக்கல."

அதன்பின் அவள் வாயை அவளாலேயே அடக்க முடியவில்லை. இத்தனை வருஷம் மென்று விழுங்கியதையெல்லாம் கொட்டினாள். அம்மா செத்த அன்று, தலைமாட்டில் அழுதுகொண்டிருந்தவளிடம் வந்து, முகத்தில் வெளிச்சம் விழவில்லை, கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார் என்று சொன்னாரே, அதையும் சொன்னாள். சொல்லும்போதே குரல் உடைந்தது. கண்ணீர் தாடை வரை வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

அவர் குறுக்கே பேசவே இல்லை. தலையை லேசாகச் சாய்த்து, அவள் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார். அவள் சொன்ன எதையும் அவர் இப்படிக் கேட்டதே கிடையாது. அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. தப்பு செய்துவிட்டேன் என்று இந்தக் கிழவர் இப்போதாவது ஒரு வார்த்தை சொல்லிவிடுவார் என்று அவளுக்கு ஆசை வந்தது. கேவலமான ஆசைதான், ஆனாலும் வந்தது.

அப்போதுதான் அவர் கையைப் பார்த்தாள். வலது கையின் இரண்டு விரல்கள் தொடையில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தன. கேமரா எப்போதோ அவள் பக்கம் திரும்பியிருந்தது. அதன் ஓரத்தில் சிவப்பாக ஒரு புள்ளி எரிந்தது.

குழந்தையை முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு அவள் நேராக நடந்துபோய், அந்த இரண்டு விரல்களையும் கைக்குள் வைத்து இறுக்கினாள். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. வலித்திருக்கும், அதையும் காட்டிக்கொள்ளவில்லை.

"கொஞ்சம்," என்றார், கெஞ்சுகிற குரலில். "கொஞ்சம் ஜன்னல் பக்கம் திரும்பும்மா."

அவள் இன்னும் இறுக்கினாள். கைக்குள் அந்த விரல்கள் அப்போதும் தட்டிக்கொண்டிருந்தன.