கழுகு திரும்பிய பக்கம்

புதுத் தலைவர் வந்தால் அந்த அரசுப் படநிறுவனத்தில் படம் வருமோ வராதோ, படத்துக்கு முன்னால் திரையில் வரும் சின்னம் மட்டும் கட்டாயம் மாறும். நட்சத்திரத்தைக் குதிரையாக்கி, குதிரையைக் கழுகாக்கி, ஓவியர் சைராவுக்குக் கை ஓய்ந்துவிட்டது.

“கழுகு ஏன் இடது பக்கமாப் பறக்குது? பழைய தலைவர் வீடு அந்தப் பக்கமா?” என்றார் இப்போது வந்தவர். “வலது பக்கம் திருப்புங்க.”

திருப்பினாள். வெள்ளோட்டத்தில் கழுகு தியான்ஷான் பனிமலைமேல் வலப்பக்கமாகப் பறந்தது, அரங்கமே கைதட்டியது. அப்புறம் திரை இருண்டு, விளக்குகள் எரிந்தன.

ஓட்டுநர் தொக்தோபேக் அவள் பக்கம் சாய்ந்தான். “அக்கா, படம் எப்போ போடுவாங்க?”

“போட்டாச்சுடா. இதுதான் படம். எந்திரி, விருந்துல குதிரைக்கறி ஆறிடும்.”