தண்ணீர் குடித்த சக்கரங்கள்

மெக்கானிக்கைப் பார்த்து நான் கத்தியது பட்டறைக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்தவர்களுக்கெல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும். அப்பாவின் காருக்கு இரும்புச் சக்கரம் போடச் சொல்கிறார் மனிதர், அதுவும் சிரித்துக்கொண்டே.

"கோவப்படாதீங்கக்கா. இந்த மரச் சக்கரத்தோட ரோட்டுல விட்டா நாப்பது கிலோமீட்டர் என்ன, நாலு கூடத் தாங்காது."

"எங்கப்பா இதே சக்கரத்துலதான் முப்பது வருஷம் ஓட்டினாரு. உங்களுக்கு ஓட்டத் தெரியலன்னு சொல்லுங்க."

அவர் முன்சக்கரத்தின் ஆரக்கால்களில் ஒன்றைப் பிடித்து அசைத்தார். விழப்போகிற பல்லைப் போல ஆடியது.

என் அவசரம் எனக்குத்தான் தெரியும். அம்மாவுக்கு எண்பத்து நாலு. நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் பெரியம்மாவுக்கு எண்பத்தொன்பது, படுத்த படுக்கை. போன வாரம் போனில், "உன்ன ஒரு தடவை பாத்துட்டாப் போதும்டி" என்று பெரியம்மா அழ, "நம்ம கார்லயே வர்றேன்க்கா, அழாத" என்று அம்மா வாக்குக் கொடுத்துவிட்டாள். கல்யாணமாகி, பெரியம்மா வீட்டு வாசலிலிருந்து அம்மா கிளம்பியது அந்தக் காரில்தான். அப்போதே அது அரதப்பழசு. அச்சக முதலாளி பழைய இரும்புக்கடைக்குத் தள்ளவிருந்ததை, அங்கே எழுத்துக் கோத்துக்கொண்டிருந்த அப்பா கெஞ்சி வாங்கியது. வாடகைக் கார் பிடிக்கலாமே என்று சொல்லிப் பார்த்தேன். "அப்ப நான் வரல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிடிவாதத்தில் நான் யாருடைய மகள் என்று கேட்கவே வேண்டாம்.

"ஆமா, இதுக்குத் தண்ணி ஏதும் ஊத்துவீங்களா?" என்றார் மெக்கானிக்.

"பின்ன? வாராவாரம்!" பெருமையாகவே சொன்னேன்.

வெயிலில் மரம் காய்ந்துவிட்டால் சக்கரம் கிறீச் கிறீச் என்று தெருவையே கூட்டும். அதனால் ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா நான்கு சக்கரங்களுக்கும் கோணி சுற்றுவார். ஆறு வயதிலிருந்து வாளியும் குவளையும் என் பொறுப்பு. நான் ஊற்றிக்கொண்டே ஸ்கூல் கதையெல்லாம் அளப்பேன். எந்த டீச்சர் மூக்கால் பேசுவார், எவள் என் பென்சிலைத் திருடினாள், எல்லாம். அப்பா படிக்கட்டில் உட்கார்ந்து, "அப்புறம்?" என்பார். அந்த ஈரக் கோணியின் வாசனை இன்றைக்கும் எனக்கு அப்பாவின் வாசனைதான். அவர் போன பிறகும் பன்னிரண்டு வருடம், ஒரு ஞாயிறு விடாமல் ஊற்றினேன். "எனக்கு ஒரு டம்ளர் தண்ணி இவ்வளவு ஆசையா குடுத்திருப்பியா?" என்று என் வீட்டுக்காரர் கிண்டலடிப்பார்.

மெக்கானிக் அந்த ஆரக்காலைத் திருகி இழுத்தார். கையோடு வந்துவிட்டது. நடுக் குடத்துக்குள் செருகியிருந்த முனை கன்னங்கரேலென்று இருந்தது. நகத்தால் சுரண்டினார், பொடியாக உதிர்ந்தது.

"ஈரத்துல மரம் ஊதி இறுகிக்கும், சத்தம் நின்னுடும். காஞ்சதும் முன்னவிட லூசாகும். மறுபடி ஊத்துவீங்க. உள்ள ஊறி ஊறி..." அவர் முடிக்கவில்லை. நல்ல மனிதர்.

ஐம்பது வருடத்துக்கும் மேலாக நானே என் கையால் ஊற்றி ஊற்றி அழித்திருக்கிறேன். அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

"மரத்துலயே புதுசா செய்ய முடியாதா?"

"முடியும். ஆறு மாசம் ஆகும்."

பெரியம்மாவுக்கு ஆறு மாதம் இருக்கிறதா என்று யாரைக் கேட்பது?

"இதே மாடலுக்கு அந்தக் காலத்துலயே இரும்புச் சக்கரமும் வந்துச்சுக்கா. ஒரு செட் என்கிட்ட இருக்கு. அளவு அச்சு அசலாப் பொருந்தும்."

"போட்டுத் தொலைங்க," என்றேன். சொல்லும்போதே அப்பாவைக் கைவிட்ட மாதிரி இருந்தது.

அடுத்த வாரமே கிளம்பினோம். அம்மா முன்சீட்டில் பட்டுப்புடவையில். கார் அந்தக் கிறீச் சத்தமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பாதி வழியில் சொல்லிவிட்டேன்.

"அம்மா, அப்பாவோட சக்கரத்தக் கெடுத்தது நான்தான். தண்ணி ஊத்தியே மக்க வச்சுட்டேன். பாவம், அப்பாவுக்கும் இது தெரியாது."

"யாரு சொன்னா? நல்லாத் தெரியும்."

"என்னம்மா சொல்ற?"

"நீ ரெண்டாங்கிளாஸ் படிக்கிறப்பவே ஒரு தச்சர் வந்து பாத்துட்டு, தண்ணிய நிறுத்துங்கன்னு சொன்னாரு. உங்கப்பாவும் தலையத் தலைய ஆட்டினாரு. அடுத்த ஞாயித்துக்கிழமை பாத்தா, மறுபடி கோணியச் சுத்திட்டு நிக்கிறாரு. உங்களுக்கென்ன பைத்தியமான்னு கேட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"'வாரம் பூரா நான் வேலைக்குப் போறப்பவும் அவ தூங்குறா, வர்றப்பவும் தூங்குறா. இந்த ஒரு மணி நேரந்தான் எம்பொண்ணு எங்கிட்ட வாயாடுறா. சக்கரம் போனாப் போகட்டும், வேற வாங்கிக்கலாம்'னாரு."

ரோடு மங்கலாகிவிட்டது. காரை ஓரங்கட்டி ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில் இப்படி விம்முவேன் என்று நினைக்கவில்லை.

அம்மா கொஞ்ச நேரம் என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். பிறகு தோளில் ஒரு தட்டுத் தட்டினாள்.

"போதும்டி, வண்டிய எடு. அக்கா காத்துட்டு இருப்பா. மிச்சத்த அங்க வந்து அழு, அவளும் சேந்துக்குவா."

மூக்கை உறிஞ்சிக்கொண்டு கியரைப் போட்டேன்.