தொடர்பில் இல்லாதவர்கள்

"வாசிடி!"

அச்செடுத்த தாளை வின்சியின் மடியில் எறிந்தார் அவள் அப்பா சின்னத்துரை. ரிட்டயர்டு போலீஸ் ஏட்டு. ராஜபாளையத்தில் அந்தத் தெரு முழுக்க அவர் குரல் கேட்கும்.

"இங்கிலீஷ் தெரியும்லா உனக்கு? சத்தமா வாசி, இவனுக்குக் கேக்கட்டும். ஆபரேஷன் பண்ணவங்க எத்தனை மடங்கு சாவுதாங்கன்னு போட்டிருக்கு. வெளிநாட்டு ஆராய்ச்சி!"

'இவன்' என்றது ஷீனாவை. வின்சியின் தங்கை, இருபத்து மூன்று வயதுத் திருநங்கை. ரோஷன் என்று ஞானஸ்நானம் பெற்றவள். மறுநாள் மதுரை ஆஸ்பத்திரியில் பாலின மாற்று ஆபரேஷனுக்கு அட்மிஷன்.

வின்சி வாசித்தாள். சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணிக்குத் தரம் பார்க்கிறவள். ஓர் இழை விட்டுப்போனாலும் கண்ணில் படும். இங்கே விட்டுப்போயிருந்தது.

"அப்பா, ஆபரேஷன் பண்ணவங்களையும் பொதுவா ஊர் சனத்தையும் வச்சுப் பாத்திருக்காவ. ஆபரேஷனுக்கு ஏங்கி, கிடைக்காமலே போனவங்களோட பாக்கல. இத வச்சு ஆபரேஷன்தான் காரணம்னு சொல்லக் கூடாதுன்னு அவியளே எழுதிருக்காவ."

"அப்ப நல்லாயிருவான்னு போட்டிருக்கா?"

"அதுவும் இல்ல. ஆனா, பேண்டேஜ் கட்டுனவனையும் கட்டாதவனையும் நிறுத்திப் பாருங்க. கட்டுனவனுக்குத்தான் காயம் இருக்கும். துணியா காயம் பண்ணுச்சு?"

ஷீனா சிரித்துவிட்டாள். அந்த வாரத்தின் முதல் சிரிப்பு.

சின்னத்துரை சிரிக்கவில்லை. ஷீனாவைப் பார்த்துக் கத்தினார். "போலே! போனா எனக்கு ஒரே பிள்ளதான்."

காலையில் முதல் பஸ்ஸில் ஷீனா தனியாகப் போனாள். கூடப் புறப்பட்ட வின்சியை உள்ளே தள்ளிக் கதவைப் பூட்டினார் அப்பா. பத்து மணிக்கெல்லாம் இரண்டு மகள்களின் செல்போன் நம்பரும் கேன்சல். இரண்டு சிம்மும் அவர் பெயரில் வாங்கியவை.

வேலைக்கு என்று சொல்லிவிட்டுப் பதினைந்தாம் நாள் வின்சி மதுரைக்கு ஓடினாள். ஷீனாவின் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

"நேத்தே டிஸ்சார்ஜ். கூட்டிப் போகத்தான் யாரும் வரல," என்றார் நர்ஸ்.

ஓராண்டு ஓடியது.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வின்சியைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அவள் காபித் தட்டோடு வந்த நேரம் அப்பாவின் போன் அலறியது. காது மந்தம்; எப்போதும் ஸ்பீக்கர்தான்.

"சார், மதுரை ஆஸ்பத்திரி ஆராய்ச்சிப் பிரிவுல இருந்து பேசறேன். ஷீனா, உறவினர்னு உங்க நம்பரை எழுதியிருக்காங்க. அவங்க நம்பர் கிடைக்கல. ஆபரேஷனுக்கு அப்புறம் மனசளவுல எப்படி இருக்காங்கன்னு கேக்கணும்."

வந்தவர்கள் நிமிர்ந்தார்கள்.

"அப்படி யாரும் இங்க கெடையாது."

"சரி சார். தொடர்பில் இல்லைன்னு போட்டுக்கறேன்."

வின்சி வாயைத் திறந்தாள். என்ன சொல்ல? நன்றாக இருக்கிறாளா? இருக்கிறாளா? அவளுக்கும் தெரியாது.

மாப்பிள்ளையின் தகப்பனார் செருமினார். "தப்பான நம்பரு போல. இந்த ஆபரேஷனப் பத்தி எனக்கும் வாட்ஸ்அப்ல வந்துச்சு ஏட்டையா. பண்ணவங்கள்ல பாதிப் பேரு என்ன ஆனாங்கன்னே ஆராய்ச்சிக்காரனுக்குத் தெரியலையாம். எங்க போய்ச் செத்தாங்களோ!"

சின்னத்துரை தலையாட்டினார்.

தட்டை மேசைமேல் வைத்தாள் வின்சி.

"எங்கயும் போகல ஐயா. அதுல ஒருத்தியத்தான் இப்ப உங்க கண்ணு முன்னாலயே எங்கப்பா காணாமப் பண்ணுனாவ."