திருப்பி அனுப்பிய முட்டி

மண் கரைத்த தண்ணீரைப் பாவாத்தாள் மூன்றாவது முறையாகச் சங்கில் எடுத்து ஊற்றினாள். அது அப்பன் காளிச்சாமியின் வாயோரமாக வழிந்து கழுத்தடித் துணியை நனைத்தது. உள்ளே ஒரு சொட்டும் இறங்கவில்லை.

"காட்டு மண்ணுதான கொண்டாந்தே?" என்றாள் அத்தை. காளிச்சாமியின் தங்கை அவள். காரமடையிலிருந்து வந்து மூன்று நாளாகிறது. "மண்ணாசை நின்னா உசுரு இப்படித்தான் இழுக்கும் அம்மணி."

சொந்தமாக ஒரு சாண் காடு இல்லாத மனுஷனுக்கு எந்த ஊர் மண்ணில் ஆசை வரும்? கேட்டுவிடலாம் போலிருந்தது பாவாத்தாளுக்கு. நேற்று வெள்ளி ரூபாயை உரசி ஊற்றினார்கள். முந்தாநாள் பால். எல்லாம் தலையணைக்குத்தான் போயிற்று.

தம்பி அரங்கசாமி வாசலில் நின்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். மில்லில் இரண்டு நாள்தான் லீவு கொடுத்திருந்தார்கள். அது நேற்றே முடிந்துவிட்டது. போகவும் முடியாமல், இருக்கவும் முடியாமல் அவன் விடும் பெருமூச்சு அப்பனின் மூச்சைவிடச் சத்தமாகக் கேட்டது.

அப்போது காளிச்சாமி மறுபடியும் உதட்டைக் குவித்து ஊதினார். ப்பூ என்று மெல்ல, இரண்டு தரம்.

"மூச்சு முட்டுது பாரு," என்றாள் அத்தை.

மூச்சும் முட்டவில்லை, ஒன்றும் முட்டவில்லை. நுரையை ஊதுகிறார். பாவாத்தாளுக்கு அது நேற்றே தெரியும். துடியலூர் ரோட்டோரக் கள்ளுக்கடையில் இருபத்திரண்டு வருஷம் ஊற்றிக் கொடுத்தவர் அவர். கள் முட்டி வந்து இறங்கியதும் அந்தப் பானையிலிருந்து ஒரு மொந்தை சாய்த்து, நுரையை ஊதி ஒதுக்கி, ஒரு வாய் குடித்துப் பார்ப்பார். தண்ணீர் கலந்திருந்தாலோ, நேற்றையது என்றாலோ, "திருப்பி அனுப்பு" என்று ஒரே வார்த்தை. அதற்கு மேல் மரமேறிகள் பேச மாட்டார்கள்.

தெரிந்தும் நேற்று முழுக்க அவள் வாயைத் திறக்கவில்லை. அந்த வாடையே இந்த வீட்டுக்குள் வரக்கூடாது என்று இருந்தவள் அவள். மதுவிலக்கு வந்து கடையை மூடிய அன்றைக்கு மாரியம்மன் கோயிலில் சூடம் கொளுத்தியவள். அவளுடைய புருஷன் வெள்ளியங்கிரி மில் விட்டதும் கடைக்குத்தான் போவான். இனி நேராக வீட்டுக்கு வருவான் என்று நம்பினாள்.

வந்தான், இஞ்சி டிங்சர் பாட்டிலோடு. மருந்துக்கடையில் வயிற்றுவலிக்கென்று விற்கிற சின்ன பாட்டில். வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு, மில் சுவருக்குப் பின்னால் நின்று, ஒரே மடக்காக ஊற்றிக்கொள்வது. கடையில் இருந்தவரை காளிச்சாமி மாப்பிள்ளைக்கு இரண்டு மொந்தைக்கு மேல் ஊற்றியதில்லை. "போதுமுங்க மாப்ளே, ஊட்டுல சோறு ஆறுது" என்று மொந்தையைக் கவிழ்த்து வைத்துவிடுவார். பாட்டிலுக்குப் பக்கத்தில் அப்படிச் சொல்ல யார் இருந்தார்கள்? நாலே வருஷத்தில் வயிறு வீங்கிச் செத்துப்போனான்.

பாட்டில் விற்றவனை அவளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் ரசீது போட்டு விற்றான். அந்த ஆத்திரத்தில், சோதனைக்கு வந்த போலீஸ்காரரிடம் பனந்தோப்பைக் கை காட்டிவிட்டாள். தெளுவு இறக்க லைசென்ஸ் வைத்திருந்த வேலன், ஒரே ஒரு மரத்தில் சுண்ணாம்பு தடவாமல் முட்டி கட்டியிருந்தான். சுண்ணாம்பு தடவினால் இனிக்கிற பதநீர், அதுதான் தெளுவு; தடவாவிட்டால் புளித்த கள். சட்டத்துக்கு வித்தியாசம் அவ்வளவுதான். வேலனுக்கு மூன்று மாதம் ஜெயில்.

ப்பூ என்று மறுபடியும் ஊதினார் அப்பன்.

சங்கை அத்தையின் கையில் கொடுத்துவிட்டு எழுந்தாள். "இருங்க, வாரேன்" என்று மட்டும் சொன்னாள்.

தோப்பில் வேலன் சாயங்கால மரம் ஏறுவதற்கு இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். குடிசை வாசலில் அவன் மனைவி முட்டிகளை வரிசையாக வைத்து உள்ளே சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க வேலண்ணா, ஒரு முட்டி மட்டும் சுண்ணாம்பு இல்லாம கட்டோணுங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "எனக்கு மூணு மாசமே போதுமுங்க அம்மணி."

அவனுக்குத் தெரிந்திருக்கிறது. இத்தனை வருஷமும் வழியில் பார்க்கும்போதெல்லாம் "நல்லா இருக்கீங்களா" என்று கேட்டுக்கொண்டு, தெரிந்தே இருந்திருக்கிறான். அவளுக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

"அப்பனுக்குங்க. மூணு நாளா இழுத்துக்கிட்டுக் கெடக்குது. நொரைய ஊதுதுங்க."

வேலன் கயிற்றை இழுத்து முடிச்சைப் பார்த்தான். "ஊதறாரா?" என்றான். பிறகு மனைவியிடம், "அந்தக் கடைசி முட்டிய அப்படியே வையி," என்று சொல்லிவிட்டு மரத்தை நோக்கிப் போனான்.

விடிந்ததும் முட்டி வந்தது. தழையால் மூடி, வேலனே கொண்டுவந்து கொல்லைப்புறம் வைத்துவிட்டு, நிற்காமல் போய்விட்டான். அரங்கசாமி வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான்.

"அக்கா, உனக்குப் புத்தி கெட்டுப்போச்சா? யாராச்சும் சொல்லிப்போட்டா என்ற வேலை போயிரும்!"

"போனாப் போகுது. தள்ளு."

அவள் அதை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் சங்கில் ஊற்றினாள். அப்பன் உதட்டைக் குவித்து ஊதினார். அப்புறம் வாய் திறந்தது. மூன்று நாளாக இறங்காத தொண்டையில் ஒரு மடக்கு இறங்கியது. பாவாத்தாளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

காளிச்சாமி கண்ணைத் திறந்தார். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி எடுத்தார். முகம் சுளித்தது.

"தெளுவு," என்றார். நல்ல தெளிவான குரல். "திருப்பி அனுப்பு."

சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அவள் முட்டிக்குள் விரலை விட்டுத் துழாவினாள். விரல் வெள்ளையாக வந்தது. அவளுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. கேட்கும்போது தலையாட்டிவிட்டு இப்படியா பழிவாங்குவது? சாகிற மனுஷனிடமா? அடிக்க வேண்டுமானால் தன்னை அடித்திருக்கலாமே. முட்டியைத் தூக்கிக்கொண்டு, அத்தை கூப்பிடக் கூப்பிட நிற்காமல், வெயிலில் தோப்புக்கு நடந்தாள்.

வேலன் இல்லை. குடிசை வாசலில் அவன் மனைவிதான் இருந்தாள். முட்டியை அவள் முன்னால் வைத்துவிட்டு, "நல்லாக் கணக்கைத் தீத்துக்கிட்டீங்க," என்றாள் பாவாத்தாள்.

அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் முட்டியைச் சாய்த்துப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டாள். பொத்திய விரல்களிலும் சுண்ணாம்பு. நகக்கண்ணெல்லாம் வெடித்துப் புண்ணாகியிருந்தது.

"ஐயோ அம்மணி, தனியாத்தான் வெச்சனுங்க. எண்ணித்தான் வெச்சனுங்க. அவரு ஜெயிலுக்குப் போனதுலருந்து ஒண்ணு விடாமத் தடவறனுங்க. கை தன்னால தடவிப்போடுச்சு."

அவள் தன் கையையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கையை அப்படிப் பழக்கியது யார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும்.

திரும்பி வரும்போது முக்கு திரும்புவதற்குள்ளேயே அத்தையின் குரல் கேட்டது. ஒப்பாரிதான். மூன்று நாள் பாவாத்தாள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். அவள் எழுந்து போன அரை மணி நேரத்தில் அப்பன் போய்விட்டார். கடைசியாகக் குடித்தது அவர் வாழ்நாளில் மதிக்காத தெளுவு, கடைசியாகச் சொன்னது ஒரு குறை. ஊரிலுள்ளவர்கள் வந்து "நல்ல சாவு" என்று சொன்னபோது அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாயங்காலம் குழி வெட்டியவர்களுக்கு அரங்கசாமி வழக்கமான கள்ளுக்குப் பதில் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தான். அவர்கள் அதைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை பால் ஊற்றப் போனார்கள். மேட்டின் மேல் மண் இன்னும் ஈரமாக இருந்தது. அரங்கசாமி பால் செம்பை எடுத்தான்.

பின்னாலிருந்து வேலன் வந்தான். தோளில் துண்டு, துண்டுக்கு அடியில் முட்டி. கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. தழையை எடுத்ததும் புளித்த வாடை எல்லோருக்கும் அடித்தது. விளிம்பு வரைக்கும் நுரை.

"நானே கழுவிக் கட்டினனுங்க," என்றான், அவளை மட்டும் பார்த்து.

"அக்கா, வேண்டாம். போலீசு..." என்றான் அரங்கசாமி.

"நீ பாலை ஊத்தறதுன்னா ஊத்து. நான் தடுக்கல."

அவன் ஊற்றவில்லை. செம்பைப் பிடித்தபடியே நின்றான். பாவாத்தாள் முட்டியை இரண்டு கையாலும் வாங்கி, முகத்துக்கு நேரே தூக்கி, நுரையை ஊதினாள். இரண்டு தரம். பிறகு தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நிதானமாக ஊற்றினாள். மண் ஒவ்வொரு மடக்காகக் குடித்தது. இந்த முறை அவள் மூச்சைப் பிடித்துக்கொள்ளவில்லை.

முட்டி காலியானதும் உள்ளே கையை விட்டு, அடிவரைக்கும் தடவி எடுத்து, விரல்களை வெயிலில் விரித்துப் பார்த்தாள். வெள்ளை ஒட்டியிருக்கவில்லை.