பட்டியலின் கடைசி வரி

லாண்டரியில் வேலை பார்க்கும் ராஜகுமாரியக்கா குடையோடு வந்து கணினி அறை வாசலில் நின்றபோது, விடுதியின் நெட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜுபைர் நாற்காலியை விட்டு எழுந்தான். மணி ஐந்து. விடுதியைச் சுற்றி மேகம் இறங்கி, மழையும் பிடித்திருந்தது.

"வாங்க தம்பி. மரம் விழுந்து கேபிள் அந்துருச்சுன்னீங்கள்ல, நாலு நாளாச்சு. நான் கொடை புடிக்கிறேன், எங்க அந்துருக்குன்னு வெரசா பாத்துருவோம்."

எந்த மரமும் விழவில்லை. ஊழியர் குடியிருப்பில் எல்லாரும் படம் பார்க்கிறார்கள், விருந்தினர் அறையில் நெட் இழுக்கிறது, அதை நிறுத்து என்று மேனேஜர் ராஜமுருகன் சொல்லியிருந்தார். ஜுபைரும் குடியிருப்புக்கு நெட்டைப் பிரித்துக் கொடுக்கும் சுவிட்ச் பெட்டியில் ஒரு பட்டியல் எழுதிப் போட்டான். எதை விடலாம், எதை விடக் கூடாது என்று சுவிட்ச் அதை மேலிருந்து கீழே படிக்கும். பட்டியலில் பேரே இல்லாததைத் திருப்பி அனுப்பிவிடும். அதனால் 'மற்றதெல்லாம் போகலாம்' என்று கடைசியில் ஒரு வரி எழுத வேண்டும். அதை மறந்துபோனான். படத்தோடு சேர்ந்து எல்லாமே நின்றது. கற்றுக்குட்டி செய்கிற தப்பு.

மறுநாள் மேனேஜர் முதுகில் தட்டி, "சூப்பர்ப்பா, ரூம்ல எல்லாம் நெட் பறக்குது" என்றார். அதைக் கேட்டபின் தப்பைச் சொல்ல வாய் வரவில்லை. குடியிருப்பில் கேட்டவர்களிடம் பழியை மரத்தின் மேல் போட்டான். அதைவிடக் கேவலம் பட்டியலின் முதல் வரி. அவனும் அதே குடியிருப்பில்தான் தங்கியிருந்தான். தன் போனுக்கு மட்டும் வழிவிட்டு எழுத அவன் மறக்கவில்லை.

குடியிருப்பு இருந்த பள்ளத்தில் டவர் எடுக்காது, விடுதியின் நெட் வந்தால்தான் போன் பேசலாம். அக்காவின் மகள் சௌம்யா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். அந்த வீட்டு எசமானி தூங்கும் நேரத்தில்தான் அவளால் பேச முடியும். இங்கே அப்போது ஐந்தரை. கடைசியாகப் பேசியபோது காய்ச்சல் என்று சொல்லியிருந்தாள்.

மறுக்க வழியில்லாமல் ஜுபைர் சரிவில் இறங்கினான். அறுபடாத கேபிளை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தான். குடை முழுக்க அவன் தலைமேல் இருந்தது. அக்காவின் தோள் நனைந்துகொண்டிருந்தது.

குடியிருப்பை நெருங்கியதும் அவன் சட்டைப்பையில் போன் ஒலித்தது. வத்தலக்குண்டிலிருந்து மனைவி அப்ரின், பிள்ளையின் படத்தை அனுப்பியிருந்தாள்.

அக்கா எட்டிப் பார்த்தார். "ஒங்களுக்கு வருதா? அப்ப கேபிள் நல்லாத்தான் கெடக்கு. ஏம் போன்தான் கெட்டுப்போச்சு போல. இது தெரியாம ஒங்கள மழையில இழுத்துட்டு வந்துட்டனே தம்பி."

அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான். கூனிக் குறுகிப்போய், "இங்கயே இருங்கக்கா" என்று திரும்பி ஓடினான். கணினி முன் உட்கார்ந்து, விட்டுப்போன கடைசி வரியை டைப் அடித்துச் சேர்த்தான். முதல் வரியை அழித்தான். நாலு நாளாகச் செய்யாத வேலை ஒரு நிமிடத்தில் முடிந்தது.

திரும்பி வந்தபோது அக்காவின் போனில் நாலு நாள் செய்திகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தன.

"யக்கா, மரம் எதுவும் விழல. நான்தான்..."

அதற்குள் போன் அடித்தது. கையைக் காட்டி அவனை நிறுத்திவிட்டு அக்கா எடுத்தார். "ஏடி, காய்ச்சல் விட்டுருச்சா? அழுவாதடி. இங்க லைன் அந்துபோச்சு. ஒரு தம்பிதான் மழையில நனஞ்சு சரி பண்ணிக் குடுத்துச்சு. இரு, காட்டுறேன்."

போன் அவன் பக்கம் திரும்பியது. முகம் வீங்கியிருந்த பெண் நெஞ்சில் கை வைத்து, "ரொம்ப நன்றிண்ணே" என்றாள். திரையின் மூலையில் ஒரு சின்னக் கட்டம். அதற்குள் தண்ணீர் சொட்டும் ஜுபைரின் முகம் அவனையே பார்த்துக்கொண்டிருந்தது.