கார் தூங்கும் வரை

1.

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது தேக்கா மார்க்கெட்டில், ஆட்டிறைச்சிக் கடை வரிசையில். எனக்கு முன்னால் நின்ற அம்மாள் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "கார் செத்தாத்தான் என் மகன் வீட்டுக்கு வர்றான் லா." அவ்வளவுதான். அதற்குள் அவர் முறை வந்துவிட்டது. நெஞ்செலும்பு கேட்டார், வாங்கினார், போய்விட்டார். நான் என்ன வாங்கப் போனேன் என்பதையே மறந்து வெறும் பையோடு வீடு திரும்பி, மனைவியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

ஆகவே அந்த ஒரு வாக்கியம் மட்டும்தான் நான் கேட்டது. மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. அந்த அம்மாளுக்குக் கமலாம்பிகை என்று பெயர் வைத்தேன். கணவர் குலசிங்கம், ஓய்வுபெற்ற கணக்காய்வாளர். மகன் நிஷாந்தன், கிளமெண்டியில் மனைவியோடு தனிக்குடித்தனம். பெரியவர்கள் இருவரும் இருப்பது சிராங்கூனில், ஒரு பழைய தரைவீட்டில். கார் வாசலிலேயே, வீட்டுச் சுவரில் மூக்கை இடிக்கிற மாதிரி நிற்கும்.

எனக்குக் கார் கிடையாது. அதனால் இந்தக் கதையின் வாகனப் பகுதிகளை என் நண்பர் ரத்னவேலுக்கு அனுப்பிவிடுவேன். அவர் பட்டறை வைத்திருக்கிறார். கேட்டது காரைப் பற்றித்தான் என்றாலும் கதையைப் பற்றியும் குரல்செய்தி அனுப்புவார். அவற்றை அடைப்புக்குறிக்குள் போட்டிருக்கிறேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"அன்று சிராங்கூன் வானம் கறுத்துத் திரண்டு, ஏதோ ஒரு—"

வேண்டாம். கார் ஸ்டார்ட் ஆகாததற்கு வானம் என்ன செய்யும்?

பிறகு இப்படி:

"குலசிங்கத்தின் நெஞ்சுக்குள்ளும் ஒரு மின்கலம் இருந்தது. அதுவும் மெல்ல மெல்ல—"

எழுதி முடிப்பதற்குள் எனக்கே கூச்சமாகிவிட்டது. பேட்டரியை மின்கலம் என்று இந்த ஊரில் தமிழாசிரியர்தான் சொல்வார், அதுவும் வகுப்பறைக்குள்.

மூன்றாவது: "குலசிங்கம் பொத்தானை அழுத்தினார். டக். டக். டக். பிறகு அதுவும் இல்லை."

இது இருக்கட்டும்.

3.

சண்டையைச் சொல்லாமல் காரைச் சொல்ல முடியாது. போன தீபாவளிக்கு வீடு நிறைய உறவுக்காரர்கள். அவர்கள் பாயசக் கிண்ணத்தோடு உட்கார்ந்திருக்கும்போது நிஷாந்தன் சொன்னான்: "அப்பா இனிமே ஓட்டக் கூடாது லா. கார்பார்க்ல தூண் எங்க இருக்குன்னே அவருக்குத் தெரியல."

காரில் ஒரு கீறல் இருந்தது உண்மை. அதை எல்லார் முன்னாலும் சொன்னதுதான் குலசிங்கத்துக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப இனிமே என் வீட்டுப் படி ஏறாதே" என்றார்.

சொன்னது ஒரு வேகத்தில். ஆனால் கேட்டவன் அவருக்குப் பிறந்தவன். படி ஏறவேயில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. கமலாம்பிகைதான் டப்பா டப்பாவாகக் கட்டிக்கொண்டு கிளமெண்டிக்கு ரயிலேறிப் போய்வந்தாள். குலசிங்கம் எதுவும் கேட்கமாட்டார். ஆனால் அவள் திரும்பியதும் டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்ப்பார், மிச்சம் வைத்திருக்கிறானா என்று. மகனை நினைத்து ஏங்கிப்போயிருந்தார். அதைச் சொல்வதற்கு மட்டும் வாய் வரவில்லை.

அப்படியிருந்தபோதுதான் அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கார் செத்தது. கமலாம்பிகை யாரையும் கேட்காமல் மகனைக் கூப்பிட்டாள். அவனும் பேட்டரிக்கு உயிர்கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டியோடு வந்து சேர்ந்தான். கார் நிற்கும் இடம் படிக்குக் கீழே இருந்தது. வாக்குத் தவறாமல் அங்கேயே நின்றுகொண்டான்.

"பானட்டைத் திறங்க."

"திறந்துதான் இருக்கு."

"இப்ப அழுத்துங்க."

கார் உறுமியது. அம்மா படிக்கு மேலிருந்து நீட்டிய தேநீரை வாங்கிக் குடித்துவிட்டு அவன் போய்விட்டான். பல மாதங்களுக்குப் பிறகு அப்பாவும் மகனும் பேசிக்கொண்ட மொத்தப் பேச்சு இவ்வளவுதான். குலசிங்கம் அன்று மதியம் இரண்டு முறை சோறு போட்டுக்கொண்டார்.

(ரத்னவேல்: "கதை ஓகே. ஆனா பேட்டரி செத்தா முதல்ல பேட்டரியை மாத்தச் சொல்லு.")

மாற்றினார்கள். புதுப் பேட்டரியும் அடுத்த வாரக் கடைசிக்குள் செத்தது.

4.

இந்தப் பகுதிக்காகத்தான் இந்தக் கதையையே எழுத உட்கார்ந்தேன், அதனால் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன்.

இக்காலத்துக் கார் பூட்டியவுடன் அடங்கிவிடாது. உள்ளே இருக்கும் சின்னச் சின்னக் கணினிகள் ஒவ்வொன்றாகத்தான் ஓயும். அதைக் கார் தூங்குவது என்கிறார்கள் பட்டறைக்காரர்கள். தூங்கிய பிறகும் எது பேட்டரியை உறிஞ்சுகிறது என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். நடுவில் யாராவது கதவைத் தொட்டால் விழித்துக்கொள்ளும், மறுபடி முதலிலிருந்து காத்திருக்க வேண்டும்.

ஆக, பேசிக்கொள்ளாத இரண்டு ஆண்கள் ஒரு காரைத் தூங்கவைத்துவிட்டு அதன் பக்கத்தில் கைகட்டி நின்றார்கள்.

"தூங்கிடுச்சா?" என்று கிசுகிசுத்தார் குலசிங்கம்.

"இன்னும் இல்லப்பா."

"சத்தத்துக்குக்கூட எழுந்திரிக்குமா?"

"தெரியல. எதுக்கும் மெதுவாவே பேசுங்க."

கமலாம்பிகை எட்டிப் பார்த்தாள். "என்ன, உள்ள பிள்ளையைப் போட்டிருக்கீங்களா?"

"ஷ்ஷ்" என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

சும்மா நிற்கிறவர்கள் எவ்வளவு நேரம்தான் சும்மா நிற்பார்கள்? முதலில் மீட்டரைப் பற்றிப் பேசினார்கள். பிறகு மருமகள் வினுஷாவின் முதுகுவலியைப் பற்றி, பிறகு நிஷாந்தனின் புது மேலதிகாரியைப் பற்றி. "அவன் சொல்றதை எழுத்துல வாங்கி வெச்சுக்கோ" என்றார் குலசிங்கம், முன்னாள் கணக்காய்வாளராக. எல்லாம் கிசுகிசுப்பாகவே நடந்தது. கிசுகிசுப்பில் கோபத்தைக் காட்ட முடியாது, முயன்று பாருங்கள்.

கார் தூங்கவேயில்லை. அந்த வாரம் முன்கண்ணாடிக் கேமராவைக் குற்றவாளியாக்கிக் கழற்றினார்கள். அடுத்த வாரம் பின்கதவு விளக்கு. அதற்கடுத்த வாரம் வானொலி. ஒவ்வொரு குற்றவாளிக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. ஒவ்வொரு ஞாயிறும் குலசிங்கம் புதுச் சட்டை போட்டுக்கொண்டு காரைப் பழுதுபார்க்க வந்தார்.

("புதுச் சட்டை போட்டுக்கிட்டு யாருய்யா ஃபியூஸ் புடுங்குவான்?" என்கிறார் ரத்னவேல். அவருக்கு மகன்கள் பக்கத்து அறையில் இருக்கிறார்கள், அவருக்கு எப்படிப் புரியும்.)

5.

உண்மைக் குற்றவாளி யாரென்று எனக்கு முதலில் தெரியாது. ஒரு வரைவில் கமலாம்பிகை தினமும் காருக்குள் தனியாக உட்கார்ந்து வானொலி கேட்டு அழுதாள். இலக்கியமாக இருந்தது. ஆனால் ஆட்டிறைச்சி வரிசையில் நான் பார்த்த அம்மாள் அப்படி அழுகிறவராகத் தெரியவில்லை, எலும்பைக்கூட அதட்டித்தான் வாங்கினார். கிழித்துப் போட்டேன்.

ரத்னவேல்தான் வழி சொன்னார். சில கார்களில் சாவி கம்பியில்லாமலே காரோடு பேசும்; அது பக்கத்திலேயே கிடந்தால், முதலாளி வருகிறார் என்று நினைத்துக் கார் தூங்காமல் விழித்து விழித்துப் பார்க்குமாம்.

நிஷாந்தனுக்கும் இது தெரியும். அதனால்தான் சோதனைக்கு முன்பு, "சாவியைத் தூரமா வைங்கம்மா" என்பான். கமலாம்பிகை சாவியைச் சமையலறை பிஸ்கட் டின்னுக்குள் போட்டு மூடுவாள். ஆனால் காருக்கு இரண்டு சாவி. கார் வாங்கியதும் கோயிலுக்குக் கொண்டுபோய், சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி, இரண்டு சாவியையும் சுவாமி பாதத்தில் வைத்து வாங்கினார்கள். ஒன்று ஓட்டுவதற்குப் போனது. இன்னொன்றைக் குங்குமத்தோடு கமலாம்பிகை பூஜை அலமாரியில் பிள்ளையார் முன்னால் வைத்தாள், காரை அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் அது சாவி இல்லை, பிரசாதம். பிரசாதத்தை யார் பிஸ்கட் டின்னில் போடுவார்கள்? பொங்கலுக்கு வெள்ளையடித்தபோது அந்த அலமாரி முன்சுவருக்கு மாறியிருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் காரின் மூக்கு.

ஒரு வெள்ளிக்கிழமை குலசிங்கம் வாசலில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். காரின் பக்கக் கண்ணாடிகள் தாமாக விரிந்தன, விளக்கு ஒருமுறை சிமிட்டியது. கொஞ்ச நேரத்தில் மடங்கின. மறுபடி விரிந்தன. ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தார். கமலாம்பிகை பூஜைச் சாமான்களை அலமாரிக்கும் மேசைக்குமாக எடுத்து எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். தட்டில் குங்குமத்தோடு அந்தச் சாவி.

அவருக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. மகன் கண்டுபிடிக்காததைத் தான் கண்டுபிடித்த பெருமிதத்தில், அவள் குளிக்கப் போன நேரம் பார்த்து, சாவியை எடுத்துப் பிஸ்கட் டின்னில் போட்டார். இனிமேல் என்ன ஆகும் என்று அப்போது அவர் யோசிக்கவில்லை.

6.

சனிக்கிழமை கார் ஸ்டார்ட் ஆனது. ஞாயிற்றுக்கிழமையும் ஆகித் தொலைத்தது. யாரும் நிஷாந்தனைக் கூப்பிடவில்லை, அவனும் வரவில்லை.

"கார் நல்லா இருக்குதோ?" என்றாள் கமலாம்பிகை, யாருக்கோ உடம்பு சரியில்லை என்கிற குரலில்.

"இருக்கு" என்றார் குலசிங்கம், அதே குரலில்.

அடுத்த வாரமும் அப்படியே. அவர் விளக்கை எரியவிட்டுப் பார்த்தார், கார் தானே அணைத்துக்கொண்டது. கதவைச் சாத்தாமல் விட்டார், கைத்தொலைபேசிக்குத் தகவல் அனுப்பிக் காட்டிக்கொடுத்தது. எதிர்வீட்டு அழகேசன் வேறு வந்து, "அண்ணே, கதவு திறந்திருந்துச்சு, சாத்திட்டேன்" என்று உதவி செய்துவிட்டுப் போனார். வேண்டுமென்றே சாகடிக்கலாம் என்றால் சாகாத கார் அது.

7.

இந்த இடத்தில் என் கதை நின்றுவிட்டது. முடிவுகள் கையில் இருக்கின்றன, மனம்தான் ஒப்பவில்லை.

ரத்னவேலின் முடிவு: குலசிங்கம் சாவியை மறுபடி பிள்ளையார் முன்னால் வைத்துவிடுகிறார். அடுத்த ஞாயிறு மகன் வருகிறான். ("எனக்கும் வியாபாரம் நடக்கும்.")

என் மனைவியின் முடிவு: கமலாம்பிகைக்கு ஆரம்பத்திலிருந்தே எல்லாம் தெரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லாம் தெரிந்து புன்னகைக்கும் மனைவிகளைக் கதைகளில்தான் பார்த்திருக்கிறேன். (இதைப் படித்துவிட்டு என் மனைவி புன்னகைக்கவில்லை.)

என்னுடையது: நிஷாந்தனுக்கு முதல் ஞாயிறே தெரியும். படிக்குக் கீழே நின்றாலும் ஜன்னல் வழியாக அலமாரி தெரியுமே. தெரிந்துகொண்டேதான் கேமராவைக் கழற்றினான், விளக்கைக் கழற்றினான், வானொலியை—

இதை எழுதிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டேன். ஆனால் மூன்று முடிவிலும் ஒரே கோளாறு. எல்லாவற்றிலும் காருக்குத்தான் வேலை, குலசிங்கத்துக்கு ஒரு வேலையும் இல்லை. படி ஏறாதே என்று சொன்னது கார் இல்லையே.

8.

அதனால் அவரை வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினேன். ஞாயிறு காலை. கார் தூங்குகிறது. கமலாம்பிகை உள்ளே தேங்காய் துருவுகிறாள். குலசிங்கம் கைத்தொலைபேசியை எடுத்து மகனின் எண்ணை அழுத்துகிறார். இதுவரை மகனைக் கூப்பிட்டதெல்லாம் கமலாம்பிகைதான், அவர் அல்ல.

"அப்பா?"

"ம்."

"என்னப்பா, கார் ஸ்டார்ட் ஆகலையா?"

"கார்..." என்று தொடங்கி நிறுத்துகிறார். பொய் சொல்லலாம். அவன் உடனே கிளம்பிவிடுவான், அவருக்கும் தெரியும். காரின் மேல் கையை வைக்கிறார், எடுத்துவிடுகிறார்.

"அது இல்லடா" என்கிறார்.

"வேற என்னப்பா?"

இங்கே ஒரு வாக்கியம் வேண்டும். பலமுறை எழுதி அழித்துவிட்டேன். ஒன்றில் மன்னிப்புக் கேட்டார், அது அவர் குரலாக இல்லை. ஒன்றில், அம்மா ஆட்டுக்கறி சமைக்கிறாள் என்றார், அது கமலாம்பிகையின் முதுகுக்குப் பின்னால் ஒளிவது. ஒரு அப்பா மகனிடம் காரணமே இல்லாமல் வா என்று சொல்ல எனக்குத் தமிழ் வரவில்லை. என் மகன் மெல்பர்னில் இருக்கிறான். நாங்கள் வாரந்தோறும் அங்குள்ள குளிரைப் பற்றி மட்டும் விரிவாகப் பேசுகிறோம்.

நீங்கள்தான் சொல்லிக்கொடுக்க வேண்டும். கொஞ்சம் சீக்கிரம். அவன் இன்னும் லைனில் இருக்கிறான்.